மாண்புமிகு உறுப்பினர் இருக்கிறாரா?

தம்பி, கோவிச்சுக்காதீங்க. உங்க தலைக்கு மேல என்ன எழுதியிருக்குன்னு கொஞ்சம் பாக்குறீங்களா? ஆமா, அந்தத் தகரத்துலதான். பெயிண்டு உதிர்ந்துபோச்சு, ஆனாலும் படிக்கலாம். 'சட்டமன்ற உறுப்பினர்'. படிச்சிட்டீங்களா? ஐயோ, எந்திரிக்காதீங்க, எந்திரிக்காதீங்க. உங்கள எழுப்பி விடுறதுக்காகச் சொல்லல. ரெண்டு பேரு தாராளமா உக்காரலாம். பைய மடியில எடுத்து வச்சுக்கிட்டு, ஜன்னல் பக்கத்த மட்டும் எனக்கு விட்டுட்டீங்கன்னா போதும். உறுப்பினர்னா ஜன்னல் பக்கம் உக்காந்து வர்றதுதான் மொற. ஜனங்க பாக்கணும்ல.

ம், இப்பச் சரியா இருக்கு.

முன்னாள்தான். அதனால என்ன? ஒரு தடவ உள்ள போயி கையெழுத்துப் போட்டவன் கடைசி வரைக்கும் உறுப்பினர்தான். பேரு தெய்வசிகாமணி. கேள்விப்பட்டிருப்பீங்க. இல்லியா? சரி, உங்களுக்கு வயசு பத்தாது. உங்க அப்பாகிட்ட கேட்டுப் பாருங்க, சொல்லுவாரு.

இந்தா வர்றான் பாருங்க கண்டக்டரு. இப்பப் பாஸை நீட்டுறேன், நீங்களே பாருங்க... பாத்தீங்களா? மூஞ்சியக்கூடப் பாக்கல. 'பெருசு, காலை உள்ள இழுத்துக்க'ன்னுட்டுப் போறான். பெருசாம்! நாங்க சபையில ஒருத்தரை ஒருத்தர் அடிக்கப் போறப்பக்கூட மாண்புமிகுன்னு சொல்லிட்டுத்தான் கையை ஓங்குவோம். அதெல்லாம் ஒரு காலம். இப்ப சட்டசபைன்னாலே ஜனங்களுக்கு இளக்காரம். மதிப்பும் இல்ல, மரியாதையும் இல்ல, நம்பிக்கையும் இல்ல. இன்னிக்கு நான் பட்ட அவமானம் இருக்கே தம்பி, அத நெனச்சா வயிறு எரியுது. சாப்புடவும் இல்ல. வாளமீன் கொழம்பு வச்சிருந்தா எம்பொண்ணு. வேணாம்னு வந்துட்டேன்.

நீங்க ஓடையக்குறிச்சியிலதான ஏறுனீங்க? மாப்பிள்ள வீடு பாக்கவா? யாருக்கு, தங்கச்சிக்கா? நல்ல சங்கதி. நல்ல ஊரு அது. நெலம் கருப்பு மண்ணு, ஜனங்க தங்கம். ஆத்த நெனச்சுப் பயப்படுறீங்களா? அட, தரைப்பாலத்து மேல தண்ணி போறதால இன்னிக்குச் சுத்திக்கிட்டுப் போறோம். அந்தப் பக்கம் பாருங்க, நம்ம டவுனு கோயில் கோபுரம்கூடத் தெரியுது. குறுக்கால போனா ஒரு வெத்தலை போட்டுத் துப்புறதுக்குள்ள போயிரலாம். சுத்திக்கிட்டுப் போனா பொழுது சாயும். மழைக்காலத்துல மட்டுந்தான இந்தத் தொல்லை. நீங்க தைரியமாக் குடுங்க. ஒசரமான பாலம் வந்துரும். நான் சொல்றேன், வந்துரும்.

எம்பொண்ணையே அங்கதான் குடுத்திருக்கேன். எழிலரசி. அந்த ஊரு உயர்நிலைப் பள்ளிக்கூடத்துல டீச்சரு. இன்னிக்கு அவமானமே அவ பள்ளிக்கூடத்துலதான். சொல்றேன். வண்டி எப்படியும் ஊரைச் சுத்தித்தான போவுது.

மாதிரி சட்டமன்றம்னு ஒண்ணு வச்சாங்க, தம்பி. பிள்ளைங்களே சபாநாயகரு, பிள்ளைங்களே மந்திரி, பிள்ளைங்களே எதிர்க்கட்சி. சிறப்பு விருந்தினர் நான். எழில் போன் பண்ணி, 'அப்பா, நீங்க இருந்த இடத்தப் பத்திப் பிள்ளைங்க நடிக்கப் போறாங்க, நீங்க வந்து உறுப்பினராவே உக்காருங்க'ன்னா. எனக்கு எப்படி இருந்திருக்கும்! வேட்டிய கஞ்சி போட்டுத் தேச்சு வச்சேன். கரைத் துண்டைத் தேடி எடுத்தேன். தேர்தல்ல நின்னப்பக்கூட அப்படி ஆசையாக் கெளம்பல.

போயிப் பாத்தா என்னத்தச் சொல்றது. ஒரு சத்தம் இல்ல. ஒரு கூச்சல் இல்ல. ஒரு பிள்ள எந்திரிச்சுக் கேள்வி கேக்குது, இன்னொரு பிள்ள எந்திரிச்சுப் பதில் சொல்லுது, கேட்ட பிள்ள 'நன்றி'ன்னு உக்காருது. எதிர்க்கட்சிப் பக்கம் உக்காந்திருக்குற பிள்ளைங்க ஆளுங்கட்சி பேசுறத அப்படியே கேட்டுக்கிட்டு இருக்குதுங்க! குறுக்க ஒரு வார்த்தை? ம்ஹும். சத்துணவுக்கூடத்துக் கூரை ஒழுகுதுன்னு ஒரு பையன் சொன்னான். அதுக்கு மந்திரிப் பையன், 'உறுப்பினர் சொல்வது சரி, நான் போய்ப் பார்த்தேன், ஒழுகுகிறது'ங்குறான். சரின்னு ஒத்துக்குற மந்திரிய நான் இன்னிக்குத்தான் பாத்தேன். இதெல்லாம் சட்டசபையா தம்பி? ஏதோ பூசைக்கு உக்காந்த மாதிரி இருந்துச்சு.

பொறுக்க முடியாம நான் மேசையத் தட்டுனேன். நல்ல எண்ணத்துலதான். பிள்ளைங்களுக்கு ஒரு சூடு பிடிக்கட்டுமேன்னு. உங்களுக்குத் தெரியுமோ என்னவோ, மேசை தட்டுறது லேசுப்பட்ட வேலை இல்ல. நான் போன புதுசுல பட்டையாக் கையை வச்சுத் தட்டி உள்ளங்கை வீங்கிப்போச்சு. அப்புறம் எங்க கட்சிக் கொறடாதான் சொல்லிக் குடுத்தாரு. கையைக் குழிச்சு வச்சுத் தட்டணும். சத்தம் எடுப்பா வரும், வலி தெரியாது. நாள் பூராத் தட்டலாம். எங்க வரிசையில என்னைய அடிச்சுக்க ஆளு கெடையாது. அப்படித் தட்டுனேன் இன்னிக்கு. உடனே அந்தச் சபாநாயகர் பிள்ள, ஹேமப்பிரியான்னு பேரு, ரெட்டைச் சடை, என்னைப் பாத்து, 'மாண்புமிகு உறுப்பினர் மேசையைத் தட்ட வேண்டாம். அது பழைய மேசை'ங்குது.

சரி, கொழந்தைன்னு விட்டுட்டேன்.

இப்ப நடக்குற சபையப் பாத்துத்தான் ஜனங்களுக்கு மரியாதை போச்சுன்னு நெனைக்கிறேன். எங்க தெரு டீக்கடையில போன்ல அதப் போட்டுப் பாத்துட்டுச் சிரிக்கிறானுங்க தம்பி. ஒருத்தன் நாற்காலி மேல ஏறி நிக்கிறான். ஒருத்தன் பேப்பரக் கசக்கி எறியிறான். பாக்கவே கூசுது. நாங்க ஏறலியான்னு கேக்காதீங்க. ஏறியிருக்கோம். ஆனா செருப்பக் கழட்டி வச்சிட்டு ஏறுவோம். பேப்பரக் கிழிச்சிருக்கோம். மந்திரி படிச்சு முடிக்கிற வரைக்கும் பொறுத்திருந்து, நாலா மடிச்சு, நேராக் கிழிப்போம். சில பேரு கிழிக்கிறதுக்கு முன்னாடி அதப் படிச்சுக்கூடப் பாப்பாங்க. நான் படிச்சதில்ல. ஆனா மடிக்காமக் கிழிச்சதும் இல்ல.

காவலர்களும் அப்படித்தான். வெளியேத்தச் சொல்லி சபாநாயகர் உத்தரவு போட்டா, எங்கிட்ட வந்து, 'ஐயா, வேட்டிய நல்லா இறுக்கிக் கட்டிக்குங்க, தூக்கப் போறோம்'னு சொல்லிட்டுத்தான் தூக்குவாங்க. ஒருத்தரு தலைப்பக்கம், ஒருத்தரு கால் பக்கம். கதவு கிட்ட வந்ததும் 'தலை, தலை'ன்னு சொல்லி, நெலையில இடிக்காமத் திருப்பி வெளிய கொண்டாந்து எறக்குவாங்க. எறக்கிட்டு ஒரு வணக்கம் வைப்பாங்க. இப்ப மூட்டை தூக்குற மாதிரித் தூக்கிப் போடுறானுங்க. அந்தப் பண்பாடெல்லாம் எங்க போச்சுன்னு தெரியல.

வெளிநடப்பு இருக்கே, அது இன்னும் பெரிய கலை. இப்ப உள்ளவனுங்க திடீர்னு கத்திக்கிட்டு ஓடுறானுங்க, ஏதோ கூரை தீப்பிடிச்ச மாதிரி. நாங்க எந்திரிப்போம். தலைவர் ரெண்டு வார்த்தை பேசுவாரு. துண்டை எடுத்துத் தோள்ல போடுவோம். வரிசையா நடப்போம். வெளிய ஒரு பெரிய தாழ்வாரம், நாற்காலி போட்டிருக்கும், காபி வரும், போண்டா வரும். உள்ள பேசுறதெல்லாம் ஒலிபெருக்கியில கேக்கும். கொஞ்ச நேரம் போனதும் ஆளுங்கட்சிக் கொறடா சிரிச்சுக்கிட்டே வெளிய வருவாரு. 'என்னங்க, கோவமா? வாங்க, நீங்க இல்லாம சபை நல்லாவா இருக்கு'ன்னு எங்க தலைவர் கையப் புடிப்பாரு. நாங்களும் போண்டாவ முடிச்சிட்டு உள்ள போவோம். வந்து கூப்புடணும். அதான் மரபு. வெளிய போனவனைக் கூப்புடாம சபை நடத்துறது அசிங்கம்னு அவங்களுக்கும் தெரியும்.

என்னோட பெரிய வெளிநடப்பு ஒண்ணு இருக்கு. அதத்தான் இன்னிக்குப் பிள்ளைங்ககிட்ட சொன்னேன். அதுலதான் வந்தது வெனையே.

இந்தப் பாலம் இருக்கே, நாம சுத்திக்கிட்டுப் போறமே, இந்தப் பாலத்துக்காக நான் கேள்வி போட்டேன் தம்பி. சும்மா மனு குடுக்குறது இல்ல. நட்சத்திரக் கேள்வி. அதுக்கு மந்திரி எந்திரிச்சு நின்னு சபையில வாயால பதில் சொல்லியாகணும். ஆனா எல்லாரு கேள்வியும் வராது, குலுக்கல்ல விழணும். நானும் ஒவ்வொரு கூட்டத்துக்கும் போட்டுக்கிட்டே இருந்தேன், விழவே இல்ல. அந்த நேரத்துலதான் எழிலுக்கு ஓடையக்குறிச்சியில இடம் வந்துச்சு. அவ மாமியா தயங்குனாங்க. 'ஆத்தக் கடந்து வந்து இருக்கணுமே, பொண்ணு டவுன்ல வளந்ததாச்சே'ன்னாங்க. நான் நிச்சயத்தட்டு மேல கையை வச்சு, 'கேள்வி போட்டிருக்கேன், தைரியமா எடுங்க, பாலம் வந்துரும்'னேன். எழிலு உள் ரூம்லருந்து கேட்டுக்கிட்டுதான் இருந்தா. அவளும் நம்பிட்டா. எம்.எல்.ஏ. சொன்னா யாரு நம்ப மாட்டா? அப்பல்லாம் அந்த நம்பிக்கை இருந்துச்சு.

கல்யாணம் முடிஞ்சு அடுத்த கூட்டத்துலயே கேள்வி விழுந்துச்சு. சாமி கண்ணத் தொறந்துருச்சுன்னு நெனச்சேன். கேள்வி நேரம். எனக்கு முன்னாடி இன்னும் ஒரே கேள்விதான். தொண்டையச் செருமிக்கிட்டுத் தயாரா இருக்கேன். அப்பப் பாத்து எங்க தலைவர் ஏதோ சொல்ல எந்திரிச்சாரு. எதிர்த்தாப்புலருந்து ஒருத்தன், 'யோவ், உக்காருய்யா'ன்னுட்டான். யோவ்! எங்க தலைவரப் பாத்து! நீங்களே சொல்லுங்க தம்பி, உக்காந்திருக்க முடியுமா? தலைவர் துண்டை எடுத்தாரு. நாங்களும் எடுத்தோம். என் பக்கத்துல உக்காந்திருந்தவரு, 'சிகாமணி, அடுத்தது உன் கேள்வியாச்சே, நீ வேணா இருந்துட்டு வா'ன்னாரு. நான் அவரை ஒரு பார்வை பாத்தேன். மானம் பெருசா, பாலம் பெருசா?

வெளிய வந்து காபி டம்ளரக் கையில வாங்குறேன். ஒலிபெருக்கியில சபாநாயகர் கொரல். 'மாண்புமிகு உறுப்பினர் திரு. தெய்வசிகாமணி அவர்கள் இருக்கிறாரா?' என் பேரு தம்பி! சபை பூரா என் பேரு. எல்லாரும் என்னையத் திரும்பிப் பாக்குறாங்க. மறுபடியும், 'இருக்கிறாரா?' காபி கையில சுடுது. நான் அசையல. மூணாவது தடவையும் கேட்டுட்டு, 'உறுப்பினர் அவையில் இல்லை. அடுத்த வினா'ன்னாரு. எங்க தலைவர் வந்து என் தோள்ல தட்டி, 'நீதாய்யா தொண்டன்'னாரு. கண்ணு கலங்கிருச்சு எனக்கு. அந்தத் தட்டு இன்னும் இந்தத் தோள்ல இருக்கு.

அன்னிக்குச் சாயங்காலம் அந்த மந்திரியே என்னைத் தாழ்வாரத்துல பாத்துட்டு வந்தாரு. எதிர்க்கட்சிக்காரன்கிட்ட தானா வந்து பேசுறாரு, அந்தப் பெருந்தன்மையப் பாருங்க. என் தோள் மேல கையப் போட்டு, 'என்ன சிகாமணி, இப்படிப் பண்ணிட்டீங்க? பாலத்துக்கு ஒதுக்கீடு உண்டுன்னு பதில் எழுதி வச்சிருந்தேன். நீங்க கேட்டிருந்தா சபையிலயே சொல்லியிருப்பேன். சபையில சொல்லிட்டா அப்புறம் கட்டித்தான் ஆகணும். நல்ல வேளை, தப்பிச்சேன்'னு சிரிச்சாரு. நானும் சிரிச்சேன். என்ன நாகரிகம் பாருங்க! இப்ப எந்த மந்திரி இப்படி வந்து மனசு விட்டுப் பேசுவான்?

பாலம் வரல. அடுத்த தேர்தல்ல நானும் வரல. ஜனங்க மாத்திப் போட்டுட்டாங்க. நன்றி கெட்ட ஜனம், போகட்டும்.

நான் தோத்த அந்த வருஷ மழையிலதான் எழிலுக்குப் பிரசவ வலி எடுத்துச்சு. தரைப்பாலத்து மேல இடுப்பளவு தண்ணி. ஆம்புலன்சு டவுன் பக்கத்துக் கரையிலயே நின்னுருச்சு. டிராக்டர்ல வைக்கோலப் போட்டுப் படுக்க வச்சு, இப்ப நாம போறமே இதே வழியாத்தான் சுத்திக் கூட்டிக்கிட்டுப் போயிருக்காங்க. பாதி வழியிலயே பேரன் பொறந்துட்டான். இன்னிக்கு வரைக்கும் வீட்டுல அவன டிராக்டர்னுதான் கூப்புடுறோம். நல்ல தமாஷு. நான் அப்ப ஊர்ல இல்ல. சபாநாயகரக் கண்டிச்சுத் தலைநகர்ல உண்ணாவிரதம். தாயும் பிள்ளையும் பொழைச்சதே பெரிய காரியம்னு டாக்டரு சொன்னதா அப்புறம் கேள்விப்பட்டேன்.

எழில் அதப் பத்தி ஒரு வார்த்தை பேசல. அன்னிக்கும் பேசல, இன்னிக்கு வரைக்கும் பேசல. போனா கொழம்பு வைப்பா, சோறு போடுவா, 'மாத்திரை போட்டீங்களாப்பா'ன்னு கேப்பா. அவ ஒரு தடவ கத்தியிருந்தாக்கூட எனக்கு நல்லாருந்திருக்கும். வீட்டுல கத்துறதுக்கு என்ன பதில் சொல்லணும்னு எனக்குத் தெரியும். பேசாம இருக்குறவங்களுக்கு என்ன பதில் சொல்றது தம்பி?

அத விடுங்க. எங்க விட்டேன்? பள்ளிக்கூடம். என்னையக் கேள்வி கேக்குற நேரம் வந்துச்சு. ஒரு பிள்ள எந்திரிச்சு நின்னுச்சு. நிலோபர்னு பேரு. பாவாடை ஓரம் நனைஞ்சு சேறு ஒட்டியிருந்துச்சு, தண்ணியத் தாண்டி வந்திருக்கும் போல. 'மாண்புமிகு உறுப்பினர் தெய்வசிகாமணி அவர்கள், தம் பதவிக்காலத்தில் ஓடையக்குறிச்சி பாலத்திற்காக என்ன முயற்சி எடுத்தார் என்பதைத் தெரிவிப்பாரா?' எவ்வளவு அழகாக் கேட்டுச்சு தெரியுமா! எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். எந்திரிச்சேன். துண்டைச் சரி பண்ணிக்கிட்டேன். இப்ப உங்ககிட்ட சொன்ன மாதிரியே எல்லாத்தையும் சொன்னேன். குலுக்கல்ல விழுந்தது, தலைவர யோவ்னு சொன்னது, துண்டை எடுத்தது, என் பேரை மூணு தடவ கூப்புட்டது, காபி சுட்டது, தோளத் தட்டுனது, மந்திரி சிரிச்சது, எல்லாத்தையும். சொல்லி முடிச்சிட்டு மேசைத் தட்டலுக்கு நின்னேன்.

ஒருத்தரும் தட்டல.

சரி, பழைய மேசைன்னு பயந்துக்கிட்டு தட்டல போலன்னு நெனச்சேன். அந்த நிலோபரு இன்னும் நின்னுக்கிட்டே இருக்கு. 'துணைக் கேள்வி, பேரவைத் தலைவர் அவர்களே'ன்னுச்சு. ஹேமப்பிரியா தலைய ஆட்டுச்சு. 'அன்றைக்கு உறுப்பினர் வெளியே போகாமல் இருந்திருந்தால், இன்றைக்குப் பாலம் இருந்திருக்குமா?'

அவ்வளவுதான் கேட்டுச்சு.

சிரிச்சிருந்தாலாவது பரவால்ல தம்பி. டீக்கடையில சிரிக்கிற மாதிரி சிரிச்சிருந்தா நாலு திட்டுத் திட்டிட்டு உக்காந்திருப்பேன். ஒரு பிள்ளகூடச் சிரிக்கல. எல்லாம் நெசமாவே பதில் வரும்னு என் வாயைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்குதுங்க. ஓரத்துல எழிலு நின்னா. அவளும் பாக்குறா. இவளே எழுதிக் குடுத்து வாசிக்கச் சொன்ன கேள்வின்னு எனக்கு அந்த நிமிஷமே பட்டுச்சு. பெத்த அப்பன ஊரு பிள்ளைங்கள விட்டுக் கேக்கச் சொல்றது! நான் என்ன செஞ்சிருப்பேன்னு நெனைக்கிறீங்க? துண்டை எடுத்தேன். 'இந்த அவையின் போக்கைக் கண்டித்து வெளிநடப்புச் செய்கிறேன்'னு சொன்னேன். வெளிய நடந்தேன்.

சைக்கிள் நிறுத்துற கொட்டகை கிட்ட ஒரு வேப்ப மரம். அதுக்கு அடியில போயி நின்னேன். காபிக்கெல்லாம் நான் ஆசப்படல. யாராச்சும் வந்து கூப்புடுவாங்கன்னு நின்னேன். எழிலு வருவா, 'வாங்கப்பா, பிள்ளைங்கதான'ம்பா, நானும் கொஞ்சம் முறைச்சிட்டுப் போயிரலாம்னு நின்னேன். மழை தூறுச்சு. உள்ள சபாநாயகர் பிள்ள பேசுறது கேக்குது. 'பதில் மதியத்திற்கு ஒத்திவைக்கப்படுகிறது. உறுப்பினர் உணவுக்குப் பின் பதிலளிப்பார். அடுத்த வினா.' அடுத்த வினாவாம்! அப்புறம் கழிப்பறை பத்தி யாரோ கேட்டாங்க, அதுக்கு யாரோ பதில் சொன்னாங்க. நான் இல்லாமலேயே சபை நல்லா நடந்துக்கிட்டு இருக்கு தம்பி. சோத்து மணி அடிச்சுச்சு. அப்பவும் ஒருத்தரும் வரல. இந்த வண்டி வந்துச்சு, ஏறிட்டேன்.

போனையே பாக்குறேன்னு பாக்குறீங்களா? மணி என்னன்னு பாத்தேன். வேற ஒண்ணும் இல்ல. இந்நேரம் மத்தியானக் கூட்டம் கூடியிருக்கும்.

இருங்க, இருங்க. அடிக்குது! எழிலுதான். பாத்தீங்களா, நான் சொன்னேன்ல, கூப்புடாம எங்க போவாங்க. எடுக்கட்டுமா? இன்னும் ரெண்டு தடவ அடிக்கட்டும். உடனே எடுத்தா மதிப்பிருக்காது. சரி, எடுத்துட்டேன். இந்தாங்க, எனக்குக் காது கொஞ்சம் மந்தம், அந்தச் சத்தமாக் கேக்குற பொத்தானை அமுக்கி விடுங்க.

ம், சொல்லு... ஆமா, பஸ்சுலதான்... சாப்புடல... அதெல்லாம் ஒண்ணும் வேணாம்... நீ எழுதிக் குடுக்கலியா? நெசமாவா?... ம்... ம்...

கேட்டீங்களா தம்பி? 'அந்தக் கேள்விய நான் எழுதிக் குடுக்கலப்பா. நான் கேக்குறதா இருந்தா இத்தன வருஷத்துல ஒரு தடவ கேட்டிருக்க மாட்டேனா'ங்குறா. கொரல் ஒரு மாதிரியா இருக்கு. அவை கூடியிருக்காம், போனை மைக்கு கிட்ட வைக்கிறாளாம். பிள்ளைங்க காத்துக்கிட்டு இருக்காம். ஆமான்னாலும் சரி, இல்லைன்னாலும் சரி, ஒரு வார்த்தை சொன்னாப் போதும்ங்குறா.

உஸ். ஹேமப்பிரியா பேசுது.

'மாண்புமிகு உறுப்பினர் திரு. தெய்வசிகாமணி அவர்கள் இருக்கிறாரா?'

எப்படிக் கூப்புடுது பாத்தீங்களா? அச்சு அசலா எங்க சபாநாயகர் மாதிரியே. இந்தக் கையப் பாருங்க, மயிர்க்கூச்செறியுது. எத்தன வருஷம் ஆச்சு என் பேரை இப்படி ஒருத்தர் சொல்லி.

ரெண்டாவது தடவ கூப்புடுது. சும்மா இருங்க தம்பி, என் கையை ஏன் இடிக்கிறீங்க? எனக்குத் தெரியும். இருக்கேன்னு சொல்லிட்டா அடுத்து அந்தக் கேள்விக்குல்ல பதில் சொல்லணும். ஒரு வார்த்தையாம் ஒரு வார்த்தை. அந்த ஒரு வார்த்தைய எழிலுல்ல கேட்டுக்கிட்டு நிப்பா. இல்லன்னு சொன்னாப் பொய்யின்னு அவளுக்குத் தெரியும். ஆமான்னு சொன்னா, அப்புறம் அந்த டிராக்டரு... வைக்கோலு... நீங்க பேசாம இருங்க.

மூணாவது தடவ.

கேட்டுச்சா? 'உறுப்பினர் அவையில் இல்லை. அடுத்த வினா.'

முடிஞ்சிருச்சு. வச்சிட்டாங்க.

ஏன் அப்படிப் பாக்குறீங்க? வெளிநடப்பு பண்ணவன் போன்ல பதில் சொல்றது எந்த ஊரு மரபு? நேர்ல வந்து கையப் புடிச்சுக் கூப்புடணும். கூப்புட்டிருந்தாப் போயிருப்பேன். சத்தியமாப் போயிருப்பேன். மறுபடியும் அடிப்பா, பாருங்க. இந்தப் போனைக் கொஞ்சம் கையில வச்சிருங்க. அடிச்சாச் சொல்லுங்க.

என்ன கேட்டீங்க? உங்க தங்கச்சிக்கா? அங்க குடுக்கலாமான்னா...

தம்பி, ஒண்ணு பண்ணுங்க. நீங்க இந்த ஜன்னல் பக்கம் வந்துருங்க. ஆமா, பரவால்ல, யாரு வேணாலும் உக்காரலாம், எழுத்துத்தான் அழிஞ்சு போச்சே. இந்த வழி முழுக்க அந்த ஆறு தெரிஞ்சுக்கிட்டே வருது. நான் அந்தப் பக்கம் உக்காந்துக்குறேன்.